'கார்டு போச்சு' என்று சொல்வதற்கு முன்னால்...



ஒரு வாரமாகப் பதிவு எதுவும் காணோமே, உடம்புக்கு ஏதாவதா என்று இரண்டு மூன்று பேர் போன் செய்து விசாரித்தீர்கள். உடம்பு நன்றாகவே இருக்கிறது. தம்பி பேரனுடைய கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியாருக்கு மறுபடியும் ஒரு பிராக்டிகல் வகுப்பு கிடைத்தது. அதில் நடந்ததையும், அதனால் எனக்கு உறைத்த ஒரு விஷயத்தையும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களிடம் சொல்ல வேண்டிய ஒரு மன்னிப்பும் இருக்கிறது.

பேரன் சென்னையில் விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுத்துக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கிறான். அதற்காகப் போன வருடம் ஒரு கம்ப்யூட்டரை பார்ட் பார்ட்டாக வாங்கி அவனே அசெம்பிள் செய்தான். பாதிப் பணம் அவன் சம்பாதித்தது, பாதி அவன் அம்மா சீட்டு எடுத்த பணம். செமஸ்டர் லீவுக்கு வரும்போது, கைவசம் ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்று கேபினட்டையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். வீட்டுக்கு வந்து சுவிட்சைப் போட்டால் ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, கீபோர்டில் விளக்கு எரிகிறது, மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்'.

உள்ளூர்க் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனான். அங்கே சுவிட்சைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பத்தே நிமிடத்தில், "கிராபிக்ஸ் கார்டு போயிடுச்சு தம்பி. அதே மாதிரி புதுசு போடணும்னா 28,000 ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக்கூடக் கழற்றவில்லை.

அன்று சாயங்காலம் நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது நிலவரம் சரியில்லை. என் தம்பி மகன் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். "முழுசா ஒரு கம்பெனி கம்ப்யூட்டர் வாங்கியிருந்தா இந்தத் தொல்லை வருமா பெரியப்பா? இவனே மாட்டுறேன்னு மாட்டினான். இப்ப பாருங்க." பையன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். முன்பணம் வாங்கிய வேலையை ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். அவன் அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "கார்டு போச்சுன்னு எப்படிடா கண்டுபிடிச்சாங்க?"

"டிஸ்ப்ளே வரல தாத்தா, அதான்."

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. டிஸ்ப்ளே வரவில்லை என்பது நோயின் அறிகுறி. கார்டு போய்விட்டது என்பது அதற்குச் சொல்லும் காரணங்களில் ஒன்று. காய்ச்சல் அடிக்கிறது என்று போனவனிடம் ஒரு சோதனையும் செய்யாமல் டைபாய்டு என்று சொல்லி அனுப்பினால் ஒப்புக்கொள்வோமா?

எனக்குக் கம்ப்யூட்டர் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் சர்க்யூட்டில் பழுது தேடுவது எப்படி என்று தெரியும். "ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துட்டு வா" என்றேன். படம் எந்த வழியாக வந்து திரையைச் சேருகிறது என்று அவனையே வரையச் சொன்னேன். பிராசசர், மதர்போர்டில் இருக்கும் ஸ்லாட், அதில் செருகிய கார்டு, கார்டின் பின்பக்கப் போர்ட், கேபிள், மானிட்டர். இது படம் போகும் பாதை. கார்டுக்குக் கரண்ட் வரும் பாதை தனி: எஸ்.எம்.பி.எஸ்.சிலிருந்து ஒரு வயர் நேராகக் கார்டுக்குப் போகிறது. இந்தப் படத்தில் இருக்கும் ஒவ்வொன்றும் சந்தேகத்துக்கு உரிய ஆள்தான். கடைக்காரர் அதில் விலை அதிகமான ஆளை மட்டும் கைது செய்துவிட்டார்.

அடுத்து இரண்டு சட்டம் போட்டேன். ஒன்று, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். இரண்டு, செய்வதையெல்லாம் நோட்டில் எழுத வேண்டும்.

முதலில் மானிட்டர். அதே கேபிளை, மானிட்டரின் அதே போர்ட்டில் இருந்தபடியே, மறுமுனையை மட்டும் அவன் அப்பாவின் லேப்டாப்பில் செருகினோம். படம் வந்துவிட்டது. ஒரே சோதனையில் மானிட்டர், அதன் போர்ட், கேபிள் மூன்றும் நிரபராதி என்று தெரிந்துவிட்டது. இதற்குச் செலவு பூஜ்யம்.

அடுத்து, கேபிள் சரியான இடத்தில்தான் செருகியிருக்கிறதா? சிரிக்காதீர்கள். இப்படிப்பட்ட கம்ப்யூட்டர்களில் படம் வராமல் போக மிகச் சாதாரணமான காரணம் இதுதான் என்று பேரனே சொன்னான். கேபினட்டின் பின்னால் படத்துக்கான போர்ட்கள் இரண்டு இடத்தில் இருக்கும். மேலே மதர்போர்டினுடையது, கீழே கிடைமட்டமாக இருப்பது கார்டினுடையது. கார்டு போட்டிருந்தால் கேபிள் கீழேதான் போக வேண்டும். இன்டெல் பிராசசர் பெயரின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால், படம் காட்டும் வசதியே அந்தப் பிராசசருக்குள் கிடையாது. அப்படியானால் மேலே இருக்கும் போர்ட்டில் என்ன செருகினாலும் திரை கறுப்பாகத்தான் இருக்கும். பையனுடையது அந்த 'எஃப்' வகைதான். ஆனால் கேபிளைச் சரியாகக் கார்டில்தான் செருகியிருந்தான். சரி, அடுத்தது.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு சுவிட்சைப் போட்டோம். மதர்போர்டின் ஓரத்தில் நான்கு சின்ன விளக்குகள். எல்லா போர்டிலும் இருக்காதாம், இவனுடையதில் இருந்தது. சி.பி.யூ., டி-ரேம், வி.ஜி.ஏ., பூட் என்று பக்கத்தில் எழுதியிருக்கிறது. மெஷின் எழும்போது ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு போகும். எங்கே தடங்கலோ அந்த விளக்கு அணையாமல் நிற்கும். முதல் இரண்டும் எரிந்து அணைந்தன. வி.ஜி.ஏ. விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

"கார்டுதான் தாத்தா. கடைக்காரர் சொன்னது சரி" என்றான் பையன், அழாத குறையாக.

"டேய், அட்டெண்டன்ஸ்ல ஆப்சென்ட் போட்டா பையன் செத்துட்டான்னா அர்த்தம்? கூப்பிட்டப்போ பதில் வரல, அவ்வளவுதான். வகுப்புக்கே வராம இருக்கலாம், கடைசி பெஞ்சுல தூங்கிட்டும் இருக்கலாம்" என்றேன்.

இதற்குள் அவன் கையில் ரப்பரை எடுத்துவிட்டான். ரேமைக் கழற்றி முனையை ரப்பரால் தேய்த்துப் போட்டால் டிஸ்ப்ளே வரும் என்று எல்லாரும் சொல்வார்களாம். ரேம் சரியாக உட்காராமல் போனாலும் திரை கறுப்பாகத்தான் இருக்கும், அது உண்மைதான். ஆனால் ரேமுக்கான விளக்கு அணைந்துவிட்டதே? சந்தேகம் இல்லாத ஆளை எதற்குத் தொட வேண்டும்? ரேம், கார்டு, பேட்டரி என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றி மாட்டி, படம் வந்துவிட்டால், எதனால் வந்தது என்று யாருக்குத் தெரியும்? வராவிட்டால், கழற்றி மாட்டியதில் புதிதாக எதைக் கெடுத்தோம் என்பதும் தெரியாது. ரப்பரைக் கீழே வைக்கச் சொன்னேன்.

சுவிட்சை அணைத்து, பிளக்கையே சுவரிலிருந்து பிடுங்கினோம். மிச்சம் இருக்கும் கரண்ட் இறங்குவதற்காகப் பவர் பட்டனை ஒருமுறை அழுத்தினோம். கையில் இருக்கும் நிலைமின்சாரம் போக, கேபினட்டின் இரும்பைத் தொட்டுக்கொண்டோம். டார்ச் அடித்துப் பார்த்தபோது பையன்தான் முதலில் கவனித்தான். கார்டு லேசாகச் சாய்ந்திருந்தது. ஸ்லாட்டின் ஒரு முனையில் முழுதாக உள்ளே இருக்கிறது, மறுமுனையில் தங்கநிறப் பட்டை ஒரு நூல் அளவு வெளியே தெரிகிறது. பின்பக்கம் பிடித்திருக்க வேண்டிய இரண்டு ஸ்குரூக்களில் ஒன்று தளர்ந்து கிடந்தது.

இந்தக் கார்டு ஏறக்குறைய ஒரு கிலோ கனம். நிற்கும் கேபினட்டில் இது பலகை மாதிரிக் கிடைமட்டமாகத் தொங்குகிறது. பிடித்துக்கொள்ள ஸ்லாட்டும் இரண்டு ஸ்குரூவும்தான். ராத்திரி முழுக்கப் பஸ்ஸின் லக்கேஜ் பெட்டிக்குள் குலுங்கினால் என்ன ஆகும்? நெம்புகோல் தத்துவம்தான். பள்ளிக்கூடப் பாடம்.

அப்படியானால் கார்டின் ஃபேன் எப்படிச் சுற்றியது? கரண்ட் தனி வயரில் வந்துகொண்டுதான் இருந்தது. ஃபேன் சுற்றுவது கரண்ட் வருகிறது என்பதற்கு மட்டுமே சாட்சி, படம் வரும் பாதைக்கு அது சாட்சி சொல்லாது.

வயரைக் கழற்றி, கார்டைக் கழற்றி, ஸ்லாட்டின் கொக்கி 'டிக்' என்று விழும்வரை நேராக அழுத்தி, ஸ்குரூக்களை முறுக்கி, வயரை மாட்டி சுவிட்சைப் போட்டோம். படம் வந்தது. அடுப்படியிலிருந்து அவன் அம்மாவும் வந்தாள். எனக்குக் காபி கிடைத்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் என் பெருமையைப் பேசுவதற்காக எழுதிய பதிவாக ஆகியிருக்கும். மறுநாள் காலை 10 மணிக்குப் பையன் போன் செய்தான். "தாத்தா, எடிட்டிங் ஓட்டி 20 நிமிஷம் ஆச்சு, மறுபடியும் பிளாக் ஆயிடுச்சு. கார்டு ஃபேன் பயங்கரமா கத்துது."

போய்ப் பார்த்தேன். ரீஸ்டார்ட் செய்தால் படம் வருகிறது. சும்மா இருந்தால் இருக்கிறது. கனமான வேலை கொடுத்தால் போய்விடுகிறது. நேற்று இருந்தது வேறு பழுது, இது வேறு. "நோட்டை எடு. நேத்து கடைசியா எதைத் தொட்டோம்?" என்றேன். நோட்டில் அவன் கையெழுத்தில் இருந்தது: 'கடைசியாக, பவர் வயரை மாட்டினோம்.'

ஸ்லாட் வழியாக ஒரு கார்டுக்கு 75 வாட் வரைதான் கொடுக்கலாம். எட்டு முனை பவர் வயர் 150 வாட் வரை கொடுக்கும். இவன் கார்டு முழுவீச்சில் வேலை செய்தால் 170 வாட் இழுக்கும். வயர் சரியாக உட்காராவிட்டால், சும்மா இருக்கும்போது சமாளித்துவிடும், பாரம் ஏறியதும் கைவிட்டுவிடும். தொட்டுப் பார்த்தோம். அந்தக் கனெக்டர் ஆறு முனை ஒரு துண்டும் இரண்டு முனை ஒரு துண்டுமாகச் சேர்ந்தது. கொக்கி விழாமல் பாதியில் நின்றிருந்தது. அதாவது, இரண்டாவது பழுதை நாங்களே செய்திருக்கிறோம். இன்னும் சரியாகச் சொன்னால், அதைச் செய்தது நான்தான். படம் வந்ததும் "போதும், மூடுடா" என்று அவசரப்படுத்தியது நான். சரிபார்த்து முடிக்கும் முன்னால் பதிலுக்கு அடியில் கோடு போட்டுவிட்டேன்.

அழுத்தி மாட்டினோம். இந்த முறை மூடவில்லை. ஒரு மணி நேரம் எடிட்டிங் ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் மூடினோம். ஞாயிறு சாயங்காலம் வேலையைக் கொடுத்துவிட்டான்.

இனி என் கருத்துக்கு வருகிறேன். கடைக்காரரைத் திட்டுவது சுலபம். நானும் முதலில் திட்டினேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்தக் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து இதையெல்லாம் செய்து, "கார்டு நல்லாத்தான் இருக்கு, சாஞ்சு போச்சு, 500 ரூபாய் கொடுங்க" என்று கேட்டிருந்தால் நம்மில் எத்தனை பேர் முகம் சுளிக்காமல் கொடுப்போம்? "சும்மா அழுத்தினதுக்கு ஐந்நூறா?" என்போம். 28,000 ரூபாய்க்குப் புதுக் கார்டு போட்டிருந்தால் பேசாமல் கொடுத்திருப்போம். பொருளுக்குத்தான் காசு கொடுப்போம், பழுதைக் கண்டுபிடிக்கும் மூளைக்குக் கொடுக்க மாட்டோம். அப்புறம் கடைக்காரர் பொருளை விற்காமல் வேறு என்ன செய்வார்? மிக்ஸி, டி.வி., பைக் எல்லாவற்றிலும் இதுதான் நடக்கிறது. பழுது பார்ப்பவர்கள் பார்ட் மாற்றுபவர்களாக ஆனதில் நம் பங்கும் இருக்கிறது.

ஆகவே நான் சொல்வது இதுதான். பார்த்துச் சொல்வதற்கு என்ன கூலி என்று முதலிலேயே கேட்டுப் பேசிக்கொள்ளுங்கள், பேசியதைக் கொடுங்கள். "போச்சு" என்று சொன்னால், "எப்படித் தெரியும்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கார்டு போய்விட்டது என்றால் அதை வேறொரு மெஷினில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். அங்கேயும் படம் வராவிட்டால் ஒப்புக்கொள்ளலாம். அல்லது வேறொரு நல்ல கார்டை உங்கள் மெஷினில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். உண்மையாகவே கார்டு போவதும் உண்டு, அப்போது பில்லைத் தேடுங்கள், வாரண்டி பாக்கி இருக்கலாம்.

இதே தொல்லையில் இருப்பவர்களுக்குப் பேரன் சொல்லிக் கொடுத்ததையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்திலிருந்தே திரை கறுப்பா, கம்பெனி லோகோ வந்துவிட்டு விண்டோஸ் வரும் நேரத்தில் கறுப்பா என்று முதலில் பாருங்கள். இரண்டாவது என்றால் பெரும்பாலும் டிரைவர் கோளாறு. சேஃப் மோடில் நுழைந்து பழைய டிரைவரை நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டால் சரியாக வாய்ப்பு உண்டு. படம் வருகிறது, ஆனால் கட்டம் கட்டமாக, கோடு கோடாகச் சிதறுகிறது என்றால், விண்டோஸ் வருவதற்கு முன்னால் பயாஸ் திரையிலும் அப்படியா என்று பாருங்கள். அங்கேயும் சிதறினால் டிரைவரைக் குறை சொல்ல முடியாது. கேபிளை மாற்றிப் பாருங்கள், அதற்குப் பிறகு கார்டைச் சந்தேகப்படுங்கள்.

செய்யக் கூடாததும் உண்டு. பிராசசருக்குப் போகும் எட்டு முனை வயரும் கார்டுக்குப் போகும் எட்டு முனை வயரும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஆனால் பாசிட்டிவ், நெகட்டிவ் இடம் மாறியிருக்கும். பலவந்தமாக மாட்டினால் அப்போதுதான் நிஜமாகவே கார்டு போகும். ஒரு எஸ்.எம்.பி.எஸ்.சின் கழற்றும் வயரை இன்னொரு கம்பெனி எஸ்.எம்.பி.எஸ்.சில் போடாதீர்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்கவே திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் ஷாக் அடிக்கும். ஊருக்கு எடுத்துப் போகும்போது கார்டைக் கழற்றி அதன் அட்டைப்பெட்டியில் தனியாக எடுத்துப் போங்கள். முடியாவிட்டால், மதர்போர்டு தரையைப் பார்த்துப் படுத்திருக்கும்படி கேபினட்டைச் சாய்த்து வையுங்கள். அப்போது கார்டு நிமிர்ந்து நிற்கும், தொங்காது.

கடைசியாக அந்த மன்னிப்பு.

என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவர்களுக்குப் பொட்டென்ஷியோமீட்டர் ஞாபகம் இருக்கும். இணைப்பெல்லாம் கொடுத்து ஜாக்கியைக் கம்பியில் வைத்தால், கால்வனாமீட்டர் முள் இரண்டு பக்கமும் விலக வேண்டும். ஒரே பக்கம் விலகினால் எங்கோ பிழை. செல்லின் முனை மாறியிருக்கலாம், சாவி இறுகாமல் இருக்கலாம், உப்புத்தாளால் தேய்க்காத வயர் முனையாக இருக்கலாம். "சார், ஒரே பக்கம் போகுது" என்று நீங்கள் கையைத் தூக்குவீர்கள். நான் என்ன செய்தேன்? லேப் அசிஸ்டென்டை அனுப்பிச் சரிசெய்து கொடுக்கச் சொல்வேன். நேரம் போகிறது, ரீடிங் எடுக்க வேண்டும், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். சரியான ரீடிங்குக்கு மார்க் உண்டு, பிழையைக் கண்டுபிடிப்பதற்கு மார்க் கிடையாது.

ஒரு மாணவன், பெயர் வேண்டாம், "நானே கண்டுபிடிக்கிறேன் சார், ஒரு பத்து நிமிஷம் கொடுங்க" என்று கேட்டான். "நேரத்தை வீணாக்காதே, பக்கத்து டேபிள் ரீடிங்கைப் போடு" என்று அதட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு எழுதினான். போன வாரம் பேரன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு அவன் முகம்தான் வந்தது. அந்தப் பத்து நிமிடம்தான் அன்றைக்கு உண்மையான பாடம். அதை நான் கொடுக்கவில்லை. இதைப் படித்தால் என்னை மன்னித்துவிடு தம்பி. உன்னைப் போல் இன்னும் பலரையும் அப்படி அதட்டியிருப்பேன், அவர்களும் மன்னிக்க வேண்டும்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், பெற்றோர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையோ வகுப்புப் பிள்ளையோ எதையாவது கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால், உடனே திட்டாதீர்கள். பிளக்கைப் பிடுங்கியிருக்கிறானா என்று மட்டும் பாருங்கள். ஸ்குரூவை ஒரு கிண்ணத்தில் எண்ணி வைக்கச் சொல்லுங்கள். ஒரு நோட்டைக் கையில் கொடுங்கள். அப்புறம் பத்து நிமிடம் பேசாமல் இருங்கள்.

என் தம்பி மகன் இப்போது பையனைப் பற்றிச் சொல்வது மாறிவிட்டது. நேற்று வீட்டு மோட்டார் ஓடவில்லை என்றதும், எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்யும் முன்னால், "டேய், அந்த நோட்டை எடுத்துட்டு வா" என்று கூப்பிட்டானாம். மோட்டாருக்கு என்ன கோளாறு என்று இன்னும் தெரியவில்லை. தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய பிசிக்ஸ் சார்